பியர் கெட்டில் ஒழுகினால், அடிப்பிடித்தால், துருப்பிடித்தால்

எங்கள் பகுதியில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள், கெட்டிலில், அதாவது பியருக்கான சாற்றைக் கொதிக்கவிடும் பெரிய பாத்திரத்தில் ஏதாவது கோளாறு என்றால் என் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பாத்திரம் போச்சுங்க, அடுத்து எதை வாங்கலாம்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். பெரும்பாலும் பாத்திரம் போயிருக்காது. எவர்சில்வர் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை. அதில் போட்ட ஓட்டை, ஓட்டையில் மாட்டிய வால்வு, வால்வுக்குள் இருக்கும் வளையம், அடியில் எரியும் நெருப்பு என்று வேறு எங்காவதுதான் வில்லங்கம் இருக்கும். எனவே புதுசு வாங்கும் யோசனையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, உங்கள் கெட்டில் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், காசு பிடுங்குவது கடைசியில்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க வீட்டுக் கணக்கு: 120 வோல்ட் பிளக், புரொப்பேன் சிலிண்டர், ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர் பியர். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேல் எத்தனை பேரோ இருந்தாலும் 200 கேலன் வரை சொந்தக் குடிக்குக் காய்ச்சலாம். விற்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் வழிவிட்டன. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

கீழே உள்ள எல்லாச் சோதனைகளையும் வெறும் தண்ணீரில் செய்யுங்கள். மால்ட்டிலிருந்து (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வடித்த இனிப்புச் சாற்றை, அதாவது வோர்ட்டை ஊற்றிவிட்டு ஒழுகலைத் தேடினால் கையெல்லாம் பிசுபிசுப்பு, மிச்சம் எறும்புக்கு.

## ஒழுகுகிறது

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வால்வின் அடியில் சொட்டு தொங்குகிறது என்பதற்காக வால்வுதான் காரணம் என்று இல்லை. தண்ணீர் மேலே எங்கோ புறப்பட்டு, சரிந்து வந்து, தாழ்ந்த இடத்தில் சொட்டும்.

வால்வுக்கு மேல் ஒரு சாண் உயரம் பச்சைத் தண்ணீர் நிரப்புங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். டிஷ்யூ தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஓட்டையைச் சுற்றி ஒன்று, மரையில் ஒன்று, வால்வின் கைப்பிடித் தண்டில் ஒன்று, வாயில் ஒன்று என்று சுற்றிவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து எது முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் வேலை. தண்ணீரில் இரண்டு சொட்டு உணவு நிறம் கலந்தால் சந்தேகமே வராது.

### கெட்டில் சுவருக்கும் நட்டுக்கும் நடுவில் நனைகிறது

வெல்டிங் இல்லாமல், ஓட்டை போட்டு நட் இறுக்கிய கெட்டில்களில் அடிக்கடி வருவது இது. உள்பக்கம் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கால் சுற்றுதான். இறுக்க இறுக்க ஒழுகல் நிற்கும் என்று முழு பலத்தையும் போட்டால், உள்ளே இருக்கும் சிலிகோன் ஓ-ரிங் பிதுங்கி ஒரு பக்கமாக வெளியே வந்துவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கால் சுற்றுக்கு அடங்கவில்லை என்றால் கழற்றி வளையத்தைக் கையில் எடுங்கள். நல்ல வளையத்தைக் கிள்ளிவிட்டால் உடனே பழைய உருண்டைக்குத் திரும்பும். கெட்டுப்போனது ஒரு பக்கம் சப்பையாகவே நிற்கும். நகத்தால் கீறினால் வெடிப்பு தெரியும். கறுப்பு ரப்பர் வளையமாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது பெரும்பாலும் குழாய்க் கடைச் சரக்கு. மணிக்கணக்கான கொதிக்கு நாளாவட்டத்தில் இறுகிப்போகும். உணவுத்தர சிலிகோன் என்று கேட்டு வாங்குங்கள். காப்பிக் காசுதான்.

புது வளையம் போட்டும் ஒழுகினால் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். விரலால் தடவாதீர்கள், கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி ஓட்டுங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. துளைபோட்டவர் சீவாமல் விட்ட அந்தப் பிசிறு, ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் வளையத்தை அறுக்கிறது. அரைவட்ட அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

இன்னும் நிற்கவில்லையா? வாஷரைத் திருப்பிப் பாருங்கள். ஓ-ரிங் உட்காரப் பள்ளம் வெட்டிய வாஷர்தான் வேண்டும். தட்டையான வாஷர் வளையத்தை வெளியே தள்ளும். குறுகலான கெட்டிலில் சுவர் வளைவு அதிகம், அதனால் வாஷரின் இரண்டு ஓரமும் படியாது. அந்த மாதிரிக் கெட்டிலுக்குச் சின்ன விட்டமுள்ள வாஷரும் கொஞ்சம் தடித்த வளையமும் போட்டால் சரியாகும்.

புரொப்பேன் அடுப்பில் காய்ச்சுகிறவர்கள் வெளிப்பக்க வளையம் கருகியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நெருப்பு கெட்டிலின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் முதலில் சாவது இந்த வளையம், அடுத்தது வால்வுக் கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை. வளையத்தை மாற்றுவதோடு, வால்வுக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மாதமும் இதே வேலை.

### மரையில் நனைகிறது

டெஃப்லான் டேப் பழசாகியிருக்கும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் நாலைந்து சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது உரிந்து வந்துவிடும்.

டேப் சரியாக இருந்தும் ஒழுகினால், வால்வு எங்கே வாங்கியது என்று பாருங்கள். அமெரிக்காவில் என்.பி.டி. மரை, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.எஸ்.பி. மரை. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று நல்லபிள்ளை மாதிரி ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. ஏறும், இறுகும், ஒழுகும். இணையத்தில் மலிவாக வரும் வால்வுகளில் இந்தக் கூத்து நிறைய. டேப்பைக் கூட்டிச் சுற்றி ஒப்பேற்றலாம். சூடு ஏறினால் திரும்ப வரும். வால்வை மாற்றுவதுதான் வழி.

எவர்சில்வர் மரையை எவர்சில்வர் மரையில் டேப்பே இல்லாமல் முறுக்காதீர்கள். இரண்டும் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்த ஸ்பேனருக்கும் மசியாது.

### வால்வின் வாயிலோ தண்டிலோ சொட்டுகிறது

தண்டில் என்றால் சுலபம். கைப்பிடியைக் கழற்றினால் அடியில் ஒரு சின்ன நட் இருக்கும். அரைக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

மூடிய பிறகும் வாயில் சொட்டினால் உள்ளே அழுக்கு. மூன்று துண்டாகப் பிரியும் வால்வு என்றால் நாலு போல்ட்டையும் தளர்த்தி, ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நடுத்துண்டை வெளியே சாயுங்கள். உருண்டையும் அதன் இரு பக்கமும் வெள்ளை வளையங்களும் தெரியும். பலருடைய வால்வில் உருண்டைக்குப் பின்னால் பழுப்பாக, சளி மாதிரி ஒரு படிவு இருக்கும், புளித்த வாடையோடு. பழைய வோர்ட் தேங்கி நின்றது அது. "வால்வு புதுசாத்தானே இருக்கு" என்று சொல்கிறவர்களிடம் அதைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். சூடான சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் ஊறவைத்துத் துலக்குங்கள். வெள்ளை வளையத்தில் கீறல் இருந்தால் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. இரண்டு துண்டு வால்வைப் பிரித்துச் சேர்ப்பது வீண் பாடு, புதுசு போடுங்கள். அதை மூன்று துண்டாகவே போடுங்கள்.

### சூடானால் மட்டும் ஒழுகுகிறது

பச்சைத் தண்ணீர்ச் சோதனையில் பாஸ், கொதியில் ஃபெயில். இறுகிப்போன வளையம் அல்லது மேலே சொன்ன மரைக் குழப்பம், இரண்டில் ஒன்று. டிஷ்யூ சோதனையை நெருப்பை அணைத்துவிட்டு 80 டிகிரித் தண்ணீரில் திரும்பச் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

### வெல்டிங்கில் கசிகிறது

கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங் தடம் வழவழவென்று இருக்க வேண்டும். கறுத்து, சொரசொரவென்று, பொரிந்த மாதிரி இருந்தால் வெல்டு போட்டவர் பின்பக்கம் ஆர்கான் வாயு விடாமல் போட்டிருக்கிறார். இப்போது அடைத்தாலும் அந்தச் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், துரு வரும்.

எபாக்சி பசையால் பூசாதீர்கள். கொதிக்கும் வோர்ட்டில் அதற்கு இடமில்லை. பால்பண்ணை, உணவுத் தொழிற்சாலைக் குழாய் வேலை செய்கிற டிக் வெல்டரிடம் கொண்டுபோங்கள். "பின்பக்கம் ஆர்கான் விடுவீர்களா?" என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று முழித்தால் வேறு ஆள் பாருங்கள். மெல்லிய மலிவுக் கெட்டில் என்றால் வெல்டரின் குறைந்தபட்சக் கூலியே பாத்திர விலையைத் தொட்டுவிடும். அப்போது வெல்டு செய்த துண்டையே பெரிய துளையாக வெட்டி எடுத்துவிட்டு, நட் போடும் வகைக்கு மாறிவிடலாம்.

## வால்வைத் திறந்தால் சரியாக இறங்கவில்லை

முதலில் நன்றாக வந்து, பிறகு சொட்டுச் சொட்டாகிறது. ஹாப்ஸ், அதாவது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அடைத்திருக்கிறது. குழாய் வழியே பின்னோக்கி ஊதுவது எல்லோரும் செய்கிற தந்திரம். சூடான வோர்ட் என்றால் வாயால் வேண்டாம், பம்ப்பால் தள்ளுங்கள். அடுத்த முறை ஹாப்ஸை வலைக்கூடையில் போடுங்கள். அல்லது அடுப்பை அணைத்ததும் கரண்டியால் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டு 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். கசடு நடுவில் குவியும், வால்வு ஓரத்தில் இருப்பதால் தெளிவாக இறங்கும்.

ட்யூபில் காற்றுக்குமிழி ஓடுகிறது, இரண்டு மூன்று லிட்டர் அடியில் நின்றுவிடுகிறது. வால்விலிருந்து உள்ளே அடிவரை இறங்கும் டிப் ட்யூபின் இணைப்பில் காற்று இழுக்கிறது. திரவ மட்டம் வால்வு உயரத்துக்குக் கீழே போனதும் உறிஞ்சல் அறுந்துவிடுகிறது. இணைப்பை இறுக்குங்கள், வளையத்தை மாற்றுங்கள். டிப் ட்யூபே இல்லாத கெட்டில் என்றால் வால்வுக்குக் கீழே உள்ளது தானாக வராது. சாய்த்துத்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஆறிய பிறகு.

## கொதி வர மாட்டேன் என்கிறது

### மின்சாரத்தில்

கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. 28 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போக, 1500 வாட் எலிமெண்டில் ஒரு சொட்டுச் சூடு வீணாகாவிட்டாலும் ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆகும். நிஜத்தில் அதற்கும் மேல். சாதாரண 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. சூடேறும்வரை மூடி போடுங்கள், கெட்டிலைச் சுற்றிக் காப்புறை கட்டுங்கள். நெருப்பில் வைக்கும் கெட்டிலுக்குக் காப்புறை கட்டவே கூடாது. கொதி வந்ததும் மூடியை எடுத்துவிடுங்கள். மூடியபடி காய்ச்சினால் பியரில் வேகவைத்த சோள வாடை வரும்.

240 வோல்ட், 5500 வாட் எலிமெண்டில் அதே 28 லிட்டர் அரைமணி நேரத்தை ஒட்டிக் கொதிக்கும். அது திடீரென்று இரண்டு மணி நேரம் இழுத்தால் எலிமெண்டுக்கு 240க்குப் பதில் 120 வோல்ட்தான் வருகிறதோ என்று சந்தேகப்படுங்கள். பாதி வோல்ட்டில் சூடு பாதியாகக் குறையாது, கால்வாசியாகிவிடும்: 5500 வாட் 1375 ஆகிவிடும். நீங்கள் பார்க்கக்கூடியது பிளக் முழுதாகச் செருகியிருக்கிறதா, பிரேக்கர் நடுவில் நிற்கிறதா என்பது மட்டும். பிளக் முனை பழுத்தோ கறுத்தோ இருந்தால், அல்லது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும் என்றால், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. அடிக்கடி விழுகிறதா? கெட்டிலின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றிய பிறகும் விழுந்தால் வீட்டு வயரிங், உங்கள் வேலை இல்லை. மாட்டினால் மட்டும் விழுந்தால் எலிமெண்டின் பின்மூடிக்குள் ஈரம் இருக்கலாம். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றி, ஒரு நாள் காயவிட்டு, எலிமெண்டின் வளையத்தையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் எலிமெண்ட் உள்ளே ஓடு உடைந்திருக்கிறது, புதுசு வாங்குங்கள். ஜி.எஃப்.சி.ஐ. இல்லாத பிளக்குக்கு மாற்றி ஓட்டினால் ஓடும். ஈரத் தரையில், கையில் இரும்புக் கரண்டியோடு நிற்கிறவர் நீங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

### இண்டக்‌ஷனில்

கெட்டிலின் அடியில் காந்தத்தை வையுங்கள். விறைப்பாக ஒட்டவில்லை என்றால் அந்தக் கெட்டில் இண்டக்‌ஷனுக்கு ஆகாது. நல்ல 304 ரக எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது. இண்டக்‌ஷனுக்கென்று செய்கிறவர்கள் அடியில் காந்தம் பிடிக்கும் ரகத்தில் ஒரு தகடு சேர்ப்பார்கள். கண்ணாடி அடுப்பு தாங்கும் எடையையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள். நிறைந்த கெட்டில் 30 கிலோவைத் தாண்டும்.

### புரொப்பேனில்

நெருப்பு சின்னதாக, சத்தமில்லாமல் எரிகிறதா? சிலிண்டர் வால்வைப் படக்கென்று திறந்திருப்பீர்கள். கசிவு என்று நினைத்து ரெகுலேட்டர் இணைப்பு தானே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். அடுப்புத் திருகு மூடியிருக்கட்டும், சிலிண்டரை மெதுவாகத் திறவுங்கள். பாதிக்குப் பாதி வழக்கு இதோடு தீர்கிறது.

மஞ்சள் நெருப்பு, கெட்டில் அடியில் கரி என்றால் காற்றுத் தடுப்பைத் திறந்துவிடுங்கள். அதற்கும் நீலம் வரவில்லை என்றால் காற்றுக்குழலுக்குள் பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த அடுப்பில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். குழாய் துலக்கும் பிரஷ் போதும்.

சிலிண்டரின் வெளியே உறைபனி பூத்து நெருப்பு தணிந்தால், சிலிண்டர் தன் குளிரிலேயே ஆவி தர முடியாமல் திணறுகிறது. பாதிக்குக் கீழே காலியானதும் மிச்சிகன் மாதிரி ஊர்களில் ஜனவரியில் இது சகஜம். நிறைந்த சிலிண்டருக்கு மாறுங்கள். கதகதப்புக்காக அடுப்பைக் கராஜுக்குள் இழுத்து ஷட்டரை இறக்கிவிடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. எரிவாயு வாடை வந்து, சோப்புத் தண்ணீர் தடவினால் இணைப்பில் குமிழி வருகிறது என்றால் சிலிண்டரை மூடிவிட்டு ஹோஸையும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். சிலிண்டர் வால்விலேயே குமிழி வந்தால் நீங்கள் எதையும் திருகாதீர்கள், விற்ற கடைக்குச் சொல்லுங்கள்.

## பொங்கி வழிகிறது

பால் பொங்குவது மாதிரிதான்: கொதி வரும் அந்தத் தருணத்தில் நுரை குபீரென்று எழும், நாம் அப்போதுதான் வேறு பக்கம் பார்ப்போம். நெருப்பைக் குறையுங்கள், தெளிப்பானில் தண்ணீர் வைத்துக்கொண்டு நுரைமேல் அடியுங்கள். முதல் ஹாப்ஸ் போடும்போது இன்னொரு தரம் எழும். நுரையடக்கிச் சொட்டுமருந்தும் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கான கடைகளில் கிடைக்கிறது.

இதெல்லாம் செய்தும் வாராவாரம் அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தால் கெட்டில் சின்னது என்று அர்த்தம். 19 லிட்டர் பியருக்குக் கொதியின் ஆரம்பத்தில் 25 முதல் 28 லிட்டர் இருக்கும். 8 கேலன், அதாவது 30 லிட்டர்க் கெட்டிலில் கண் இமைக்காமல் நிற்கவேண்டும். 10 கேலன், 38 லிட்டர் என்றால் நிம்மதி. துணிப்பையில் தானியத்தை அதே கெட்டிலில் ஊறவைக்கிறவர்களுக்கு 10 கேலனுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம்.

## அடிப்பிடிக்கிறது

கறை விழுந்த கோலத்தைப் பாருங்கள், அதுவே பாதி சொல்லிவிடும்.

திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல். மால்ட் எக்ஸ்ட்ராக்டை எரிகிற நெருப்பில் ஊற்றியிருக்கிறார்கள். தேன் பதத்தில் இருக்கும் அது நேராக அடிக்குப் போய் உட்காரும். நெருப்பை அணைத்து, ஊற்றி, கரண்டி அடியில் வழுக்குகிறவரை கிளறி, அப்புறம் பற்றவையுங்கள்.

அடுப்பின் வளையம் அப்படியே அச்சாக. அடித்தகடு மெல்லிசு. எவர்சில்வர் சூட்டைப் பரப்புவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் நெருப்புப் பட்ட இடம் மட்டும் காயும். கெட்டிலுக்கும் நெருப்புக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள், நெருப்பைக் குறையுங்கள், கனமான ஒரு பரவல் தகட்டை நடுவில் வையுங்கள். இதற்கும் மசியாவிட்டால் நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு அடி உள்ள கெட்டில்தான் தீர்வு. இந்தக் கட்டுரையில் கெட்டிலையே மாற்றச் சொல்லும் இடங்களில் இது ஒன்று.

எலிமெண்டின் மேல் கறுப்புப் பொருக்கு. சின்னப் பரப்பில் அதிகச் சூடு கக்கும் எலிமெண்ட். அலையலையாக மடிந்த, பரப்பு அதிகமுள்ளதாக மாற்றுங்கள். மடித்துக் கட்டிய துணிப்பை எலிமெண்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதி.

கறையை எடுக்க, 60 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் சோடியம் பெர்கார்பனேட் கலந்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மென்மையான பஞ்சால் தேய்த்தாலே உரிந்து வரும். கம்பி நாரைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று அடுத்த தலைப்பில் தெரியும்.

கெட்டிலின் அடி புடைத்து, மேடையில் வைத்தால் டொக் டொக்கென்று ஆடுகிறதா? காய்ந்த கெட்டிலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அந்தப் பக்கம் அடங்கும், இந்தப் பக்கம் எழும். லேசான ஆட்டம் என்றால் மூன்று கால் புரொப்பேன் அடுப்பில் பரவாயில்லை. தட்டையான அடுப்பில் 25 லிட்டர் கொதிநீரோடு ஆடுகிற பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

## துரு, கறை, நிறம்

வானவில் மாதிரி நீலம், பொன்னிறம். சூட்டில் வருவது. ஒன்றும் செய்யாது. கண்ணுக்கு உறுத்தினால் வினிகர் தடவித் துடையுங்கள்.

வெள்ளைப் படிவு. உப்புத் தண்ணீர் வைக்கிற சுண்ணாம்பு. சிட்ரிக் அமிலம் அல்லது வினிகரில் கொதிக்கவிட்டால் போய்விடும்.

சொரசொரப்பான பழுப்புப் படலம், சோப்புக்கு அசையாதது. பியர்க் கல். கால்சியம் ஆக்சலேட் அது. முதலில் பெர்கார்பனேட், அலசிவிட்டு அப்புறம் சிட்ரிக் அமிலம். ஒன்றை மாற்றி ஒன்று போட்டால்தான் விடும்.

புதுக் கெட்டிலைத் துடைத்தால் துணியில் கறுப்பு. பாலீஷ் மாவும் எந்திர எண்ணெயும். சமையல் எண்ணெயில் துணியை நனைத்து ஒரு முறை, பாத்திர சோப்பும் வெந்நீரும் போட்டு இரண்டு முறை. துணி வெள்ளையாக வரும்வரை வோர்ட் ஊற்றாதீர்கள்.

ஆரஞ்சுப் புள்ளிகள். இதற்குத்தான் ஆட்கள் பதறிப்போய் வருகிறார்கள். பல்குத்தும் குச்சியின் முனையைப் புள்ளிமேல் வைத்து மெதுவாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் துரு மேலோடு நிற்கிறது. முனை தடுக்கி நின்றால் குழி விழுந்திருக்கிறது.

மேலோடு இருந்தால் அது பெரும்பாலும் கெட்டிலின் துருவே இல்லை. கம்பி நாரிலிருந்தோ, பக்கத்தில் இரும்பு தேய்த்த பொறியிலிருந்தோ வந்து ஒட்டிய இரும்புத் துகள் துருப்பிடிக்கிறது. ஆக்சாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பொடியைக் குழைத்து, பஞ்சால் வட்டமாகத் தேய்த்து அலசுங்கள். பிறகு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த 55 டிகிரித் தண்ணீரை அரைமணி நேரம் நிறுத்தி, அலசி, கவிழ்க்காமல் காற்றாடக் காயவிடுங்கள். எவர்சில்வர் தன் மேல்தோலைத் தானே கட்டிக்கொள்ளும்.

குழி விழுந்திருந்தால் காரணம் குளோரின் ப்ளீச் அல்லது உப்பு. ப்ளீச்சை ஊற்றி ராத்திரி முழுக்க விடுவது எவர்சில்வருக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம். அதேபோல, தண்ணீரைச் சீர்செய்யக் கால்சியம் குளோரைடு போடுகிறவர்கள், கரைகிறவரை கிளறாமல் விட்டால் மணிகள் அடியில் உட்கார்ந்த இடத்தில் வரிசையாகக் குழி வரும். ஊசிமுனை அளவு குழி என்றால் மேலே சொன்ன வைத்தியத்தைச் செய்துவிட்டு ஓட்டலாம், மாதம் ஒருமுறை குச்சியால் பாருங்கள். வெளிப்பக்கம் அதே இடத்தில் ஈரம் தெரிந்தால் தகடு துளைந்துவிட்டது. வெல்டர் அடைக்கலாம்தான், ஆனால் ஒரு குழி துளையானால் பக்கத்துக் குழியும் வரிசையில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: ப்ளீச் இருந்த பாத்திரத்தில் அமிலத்தை ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

சுவர் முழுக்கப் பரவலாகத் துரு. ரகம் மட்டம். நிக்கல் குறைந்த எவர்சில்வரை 304 என்று சொல்லி விற்கிறார்கள். சுவரில் காந்தம் விறைப்பாக ஒட்டினால் சந்தேகம் வலுக்கும். ஒட்டவில்லை என்பதால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மாங்கனீசு கலந்த 201 ரகமும் ஒட்டாது. இதற்கு வைத்தியம் கிடையாது.

## பியரில் இரும்பு வாடை

ஒரு சொட்டுப் பியரைப் புறங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். இரும்பு இருந்தால் வாடை எடுப்பாகத் தெரியும். அப்புறம் கெட்டிலில் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரமும், அதே தண்ணீரைச் சமையலறைப் பாத்திரத்தில் ஒரு மணி நேரமும் கொதிக்கவிட்டு, இரண்டையும் ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். இரண்டிலும் வாடை என்றால் தண்ணீர்தான் காரணம்; கிணற்றுத் தண்ணீர்க்காரர்கள் இரும்பு அளவைச் சோதனைச்சாலையில் பார்த்துவிடுவது நல்லது. கெட்டிலில் மட்டும் என்றால் பாத்திரத்தைப் பழிக்கும் முன் உள்ளே மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள்: துளைத்தட்டின் திருகு, ஹோஸ் கிளிப், வலைக்கூடையின் கொக்கி. முலாம் பூசிய இரும்புத் திருகு ஒன்று மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும்.

## பார்த்தாச்சு, வேறுதான் வாங்கணும்

அடித்தகடு மெல்லிசு, அளவு சின்னது, ரகம் மட்டம், தகடு துளைந்தது. இந்த நாலில் ஒன்றுக்காக வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் மினுக்கத்தைப் பார்க்காதீர்கள். மினுக்கத்துக்குத்தான் விலை ஏற்றுகிறார்கள்.

கெட்டிலைக் கவிழ்த்து அடியை விரலால் தட்டுங்கள். மூன்றடுக்கு அடி மந்தமாக ஒலிக்கும், மெல்லிய தகடு கணீரென்று பாடும். மின்சாரத்தில் எலிமெண்டை உள்ளே வைத்துக் காய்ச்சுகிறவர்களுக்கு மூன்றடுக்கு அடி தேவையில்லை, அந்தக் காசில் வால்வை நல்லதாக வாங்கலாம். உயரமும் அகலமும் ஏறக்குறைய சமமாக, உயரம் சற்றுக் கூட இருக்கட்டும்; சட்டி மாதிரி அகலமாக இருந்தால் ஆவியாகிப் போவது அதிகம்.

ஓட்டை போட்டே வந்தால் விளிம்பில் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். வெல்டிங் என்றால் உள்பக்கம் டார்ச். உள்ளே பொறித்த அளவுக்கோட்டை நம்பாதீர்கள்: ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர் என்று எடைபோட்டு ஊற்றிச் சரிபாருங்கள். கொதிநிலையில் அதே தண்ணீர் சுமார் 4% கூடுதலாகக் காட்டும், அது கோட்டின் தப்பு இல்லை. வெப்பமானியோடு வந்தால் பனிக்கட்டித் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பார்த்து, பின்னால் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். டென்வர் மாதிரி உயரமான ஊரில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே 100ஐ வைத்துச் சரிபார்த்தால் நல்ல வெப்பமானியைக் கெடுத்துவிடுவீர்கள்.

கைப்பிடியை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸ்பாட் வெல்டு நாலு புள்ளியில் நிற்கிறதா, ரிவெட் என்றால் உள்பக்கம் தலை இடைவெளியில்லாமல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளியில்தான் பழைய வோர்ட் தங்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரக் கொதியும் டிஷ்யூ சோதனையும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடுவுக்குள் இதை முடித்துவிடுங்கள். வோர்ட் ஊற்றிய கெட்டிலை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள்.